முதலில் பிள்ளையைப் பாருங்கள், விசாவைப் பிறகு பார்க்கலாம்: இங்கிலாந்தின் கவுன்சில்களில் பணிபுரியும் தமிழ்ச் சமூகப் பணியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சகோதர சகோதரிகளுக்கு,

வணக்கம். ஹரோ, வெம்பிளி, ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட், டூட்டிங், குரொய்டன் என்று நம்மவர்கள் செறிந்து வாழும் இடங்களில், விசாப் பிரச்சினையில் மாட்டுப்பட்ட குடும்பங்களுக்கு மொழிபெயர்ப்பும் ஆலோசனையும் செய்து வருபவர்கள் நாங்கள். இந்த மடலை ஆங்கிலத்தில் எழுதி உங்கள் மேலாளர்களுக்கே அனுப்பியிருக்கலாம். ஆனால் இதை முதலில் வாசிக்க வேண்டியவர்கள் நீங்கள். பிள்ளையையும் கையில் ஒரு பையையும் பிடித்துக்கொண்டு கவுன்சில் வாசலில் நிற்கிற தாய்க்கு, உள்ளே தன் மொழி பேசும் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தாலே பாதித் தெம்பு வந்துவிடும். அந்த ஆளின் வாயிலிருந்தே “என்ன விசா?” என்பது முதல் கேள்வியாக வரும்போது, வந்த தெம்பு அங்கேயே இறங்கிவிடுகிறது.

கேள்விகளின் வரிசையை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறோம். பிள்ளை இன்றிரவு எங்கே படுக்கும், கடைசியாக எப்போது சாப்பிட்டது, பள்ளிக்கூடம் போகிறதா, யாருக்காவது பயப்படுகிறதா என்பவை முதலில். விசா அதற்குப் பிறகு. இது கருணை காட்டச் சொல்லும் வேண்டுகோள் அல்ல. சட்டம் வைத்திருக்கும் வரிசையே அதுதான்.

1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 17ஆம் பிரிவு, கவுன்சிலின் எல்லைக்குள் இருக்கும் ‘தேவையுள்ள பிள்ளை’ பற்றிப் பேசுகிறது. அதில் குடியுரிமை பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. தகவல் வந்து ஒரு வேலை நாளுக்குள் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். பிள்ளையின் தேவைகள் பற்றிய மதிப்பீடு தேவையென்றால் அதை அதிகபட்சம் 45 வேலை நாட்களுக்குள் முடிக்க வேண்டும். முடியும்வரை பிள்ளை தெருவில் நிற்க வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. மதிப்பீடு நடக்கும்போதே தங்க இடமும் சாப்பாட்டுக்குக் காசும் கொடுக்கலாம். பிள்ளைக்கு மட்டுமல்ல, குடும்பம் முழுவதற்கும் கொடுக்க 17ஆம் பிரிவு இடம் தருகிறது.

பெரும்பாலும் பிழை நடப்பது முதல் தொலைபேசி அழைப்பில்தான். “உங்கட விசாவில பெனிபிட் எடுக்கேலாது எண்டு இருக்கு, அதால எங்களால ஒண்டும் செய்யேலாது” என்று சொல்லி அழைப்பு முடிகிறது. மதிப்பீடே நடக்காததால் மறுத்ததற்கான பதிவும் இருக்காது. இது முழுக்கப் பிழையான பதில். ‘நோ ரிகோர்ஸ்’ என்ற நிபந்தனை தடுப்பது குடிவரவு விதிகளில் பெயர் சொல்லிப் பட்டியலிட்ட ‘பொது நிதி’களை: யூனிவர்சல் கிரெடிட், சைல்ட் பெனிபிட், ஹவுசிங் பெனிபிட், கவுன்சில் வீட்டுப் பட்டியல் போன்றவற்றை. 17ஆம் பிரிவின் உதவி அந்தப் பட்டியலில் இல்லை. பள்ளிக்கூடமும் ஜி.பி. (குடும்ப வைத்தியர்) பதிவும் இல்லை. வருமான வரம்புக்குள் இருந்தால் இந்தக் குடும்பத்தின் பிள்ளைக்கு இலவசப் பள்ளி மதிய உணவும், இரண்டு வயதுக் குழந்தைக்கு வாரம் 15 மணிநேர இலவச நேர்சரியும் உண்டு. இதைக் குடும்பங்கள் அறிந்திருப்பதில்லை. “பள்ளிக்கூடத்தில் கேட்டால் விசா போய்விடும்” என்று பயந்து கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். உங்கள் வாயால் ஒரு தரம் தமிழில் சொல்லிவிட்டால் அந்தப் பயம் போகும்.

அடுத்த குழப்பம் இன்னும் ஆழமானது. 2002ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை சில வகையினருக்குக் கவுன்சில் உதவியை மட்டுப்படுத்துகிறது. முக்கியமாக விசா இல்லாமல் இருப்பவர்களும், அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டு நாடு திரும்புவதற்கான உத்தரவுக்கு ஒத்துழைக்காதவர்களும் அதில் வருவார்கள். ‘நோ ரிகோர்ஸ்’ விசா கையில் உள்ளவர் அந்த அட்டவணைக்குள் வரவே மாட்டார். அகதிக் கோரிக்கை இன்னும் நிலுவையில் உள்ளவரும் வரமாட்டார். ‘நோ ரிகோர்ஸ்’ நிபந்தனையையும் இந்த அட்டவணையையும் ஒரே பெட்டியில் போட்டுத்தான் பல குடும்பங்கள் திருப்பி அனுப்பப்படுகின்றன. அட்டவணைக்குள் வருபவர்களுக்குக்கூடக் கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. உதவாவிட்டால் மனித உரிமை மீறப்படுமா என்று பார்த்து, மீறப்படுமென்றால் அதைத் தவிர்க்கத் தேவையான உதவியைச் செய்தே ஆக வேண்டும். பர்மிங்ஹாம் நகரசபைக்கு எதிரான வழக்கில் 2010இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. குடும்ப வாழ்வின் அடிப்படையில் போட்ட விண்ணப்பம் ஹோம் ஒபிஸில் (உள்துறை அமைச்சில்) நிலுவையில் இருக்கும்போது, அது வெளிப்படையாகவே தேறாத விண்ணப்பம் அல்லவென்றால், “ஊருக்குப் போகலாம்தானே” என்று சொல்லி உதவியை மறுக்கக் கூடாது. விண்ணப்பம் தேறுமா தேறாதா என்று தீர்மானிப்பது ஹோம் ஒபிஸின் வேலை.

விசாவின் திகதியை மட்டும் பார்த்து ‘ஓவர்ஸ்டேயர்’ (விசா முடிந்தும் தங்கியிருப்பவர்) என்று எழுதிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 3சி பிரிவை நினைவில் வையுங்கள். பழைய விசா முடியுமுன் புதியதற்கு விண்ணப்பித்தவருக்கு, முடிவு வரும்வரை பழைய விசாவே அதே நிபந்தனைகளோடு தொடர்கிறது. திகதி கடந்து எட்டு மாதம் ஆகியிருந்தாலும் அவர் சட்டப்படியே இங்கே இருக்கிறார். எனவே கேட்க வேண்டியது “எப்ப முடிஞ்சது?” என்று மட்டுமல்ல, “முடியிறதுக்கு முதல் போட்டனீங்களா, போட்டதுக்கு ஈமெயில் இருக்கா?” என்றும். லோயரிடம் எல்லாம் இருக்கிறது என்பார்கள். லோயரிடமிருந்து ஒரு பிரதி வாங்க உதவுங்கள்.

இன்னொன்று: “கார்ட்டைக் காட்டுங்கோ” என்று இன்னமும் கேட்கிறார்கள். அந்தப் பிளாஸ்டிக் அட்டைகள் 2024 டிசம்பர் 31உடன் காலாவதியாகிவிட்டன. இப்போது எல்லாம் ஈ-விசா. இணையக் கணக்குக்குள் போய் ஒரு பகிர்வுக் குறியீட்டை எடுத்துத் தர வேண்டும். வேலைக்கானது ‘டபிள்யூ’ எழுத்திலும், வாடகைக்கானது ‘ஆர்’ எழுத்திலும், மற்றவை ‘எஸ்’ எழுத்திலும் தொடங்கும். உங்களுக்குத் தேவையானது ‘எஸ்’. பல வீடுகளில் மனைவியின் கணக்கு கணவனின் ஈமெயிலிலும் கணவனின் தொலைபேசி எண்ணிலும்தான் திறக்கப்பட்டிருக்கும். உள்ளே நுழைவதற்கான எண் அவருடைய கைப்பேசிக்குத்தான் போகும். வீட்டை விட்டு வந்த பெண்ணிடம் உடனே குறியீடு கேட்டால், அவர் கணவனுக்குத்தான் போன் பண்ண வேண்டியிருக்கும். முதலில் அந்தக் கணக்கின் ஈமெயிலையும் எண்ணையும் மாற்ற உதவுங்கள்.

வங்கிக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் “இவர்கள் காசை ஒளிக்கிறார்கள்” என்று முடிவு கட்டப்படுவது பெரும்பாலும் அங்கேதான். ஆறு மாதக் கணக்கு விபரத்தை விரித்தால், ஓரிடத்தில் 2,000 பவுண்ஸ் ஒரே நாளில் வந்திருக்கும். ஒளித்த வருமானம் என்று அறிக்கையில் எழுதப்படும். ஆனால் அதற்கு முந்திய மாதங்களைப் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய ஒரே திகதியில், ஒரே ஆளுக்கு, 200 பவுண்ஸ் போயிருக்கும். பத்துப் பேர் சேர்ந்து பிடிக்கும் சீட்டு அது. அந்த மாதம் சீட்டு இவருக்கு விழுந்திருக்கிறது. அடுத்த மாதங்களிலும் 200 போய்க்கொண்டேதான் இருக்கும், அதாவது அந்தப் பணத்தில் ஒரு பகுதி கடன். சீட்டு என்றால் என்ன என்று உங்கள் ஆங்கிலேயச் சக பணியாளருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. உங்களுக்குத் தெரியும். அறிக்கையில் இரண்டு வரி எழுதுங்கள்: எத்தனை பேர், மாதம் எவ்வளவு, இவர் எடுத்தது எத்தனையாவது மாதம், இன்னும் எவ்வளவு கட்ட வேண்டும். அந்த இரண்டு வரி இல்லாததால் பொய்யர் என்ற பெயர் ஒரு குடும்பத்தின் கோப்பில் ஏறி, பிறகு ஒவ்வொரு முடிவிலும் கூடவே வரும்.

பெயரும் உறவுமுறையும் இதே மாதிரித்தான். தகப்பனின் பெயர் பிள்ளைக்குக் கடைசிப் பெயராக வரும். தாயின் கடைசிப் பெயர் அவருடைய தகப்பனின் பெயராக இருக்கும். தகப்பனின் கடைசிப் பெயர் அவருடைய தகப்பனுடையது. ஒரு வீட்டில் மூன்று ‘குடும்பப் பெயர்’ இருப்பதைப் பார்த்து, இவர்கள் உண்மையில் ஒரே குடும்பமா என்று சந்தேகம் எழுப்பப்படுகிறது. இந்தியக் கடவுச்சீட்டு என்றால் குடும்பப் பெயருக்கான இடமே வெறுமையாக இருக்கலாம். உறவு விஷயத்தில், “ஒரு மாமா வீட்டில கொஞ்ச நாள் இருந்தம்” என்று தாய் சொன்னால், அது ஆங்கிலத்தில் தாய்மாமனாகி, ‘ஆதரிக்க உறவினர் உண்டு’ என்று பதிவாகிறது. அந்த மாமா கோயிலில் பழக்கமானவராக இருக்கலாம், ஒரே ஊர்க்காரராக இருக்கலாம், அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரராகவும் இருக்கலாம். அண்ணன், சித்தப்பா, மச்சான் எல்லாம் அப்படித்தான். “சொந்த மாமாவா, முறைக்கு மாமாவா?” என்று கேட்க உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கேட்டதை எழுதி வைக்க வேண்டியதுதான் மிச்சம்.

மொழிபெயர்ப்பாளர் வரும் வழக்குகளில் இன்னும் கவனம் வேண்டும். தமிழ் என்று கேட்டால் நிறுவனம் எந்தத் தமிழையும் அனுப்பும். யாழ்ப்பாணத்துப் பெண் “எனக்கு வருத்தம்” என்கிறார். நோய் என்று பொருள். தமிழ்நாட்டிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளருக்கு வருத்தம் என்றால் கவலை. “கவலையாக இருக்கிறார்” என்று ஆங்கிலத்தில் போகிறது. இரத்தப்போக்கோடு இருக்கிற கர்ப்பிணிக்கு மனநல ஆலோசனைக்கான பரிந்துரைதான் மிஞ்சும். “ஆறுதலாச் சொல்லுறன்” என்றால் ஈழத்தில் அவசரமில்லாமல், நிதானமாக என்று பொருள். தமிழ்நாட்டுக் காதுக்கு அது தேற்றுதல். இந்த இடைவெளி இரண்டு பக்கமும் உண்டு, யாருடைய தமிழும் குறைந்ததல்ல. முன்பதிவு செய்யும்போதே இலங்கைத் தமிழா, இந்தியத் தமிழா என்று எழுதுங்கள். எந்த நிலையிலும் வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தகப்பன் அம்மாவுக்கு அடித்ததை ஒன்பது வயதுப் பிள்ளை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய நிலை வரக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் அதே பகுதியில் குடியிருப்பவர் என்றால் அதையும் முதலிலேயே தாயிடம் சொல்லி, வேறொருவர் வேண்டுமா என்று கேளுங்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாளைக்கு எதிர்ப்படப்போகிறவர் முன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். உங்களைப் பற்றியும் அதே பயம் அவர்களுக்கு உண்டு. “நீங்கள் சொல்றது கோயில் வரைக்கும் போகாது” என்று நீங்களாகச் சொல்லுங்கள்.

இனி, சொல்லக் கூச்சமான ஒன்று. “உங்களை வைத்திருக்க முடியாது, வேண்டுமென்றால் பிள்ளையை மட்டும் எடுக்கலாம்” என்ற வசனம் தமிழிலும் சொல்லப்படுகிறது. ‘சோசல் சேர்விஸ் பிள்ளையைப் பறிச்சுக்கொண்டு போயிடும்’ என்ற பயத்தோடுதான் நம்மவர்கள் உங்கள் வாசலுக்கே வருகிறார்கள். அந்த வசனத்தைக் கேட்ட தாய் எழும்பிப் போய்விடுவார், திரும்பி வரமாட்டார். கோப்பில் ‘குடும்பம் உதவியை மறுத்தது’ என்று எழுதப்படும். 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 20ஆம் பிரிவின்கீழ் பிள்ளையைக் கவுன்சில் பொறுப்பேற்பது பெற்றோர் மனமொப்பிச் செய்வது. கொடுத்த சம்மதத்தை எந்த நேரத்திலும் அவர்கள் திரும்பப் பெறலாம். வற்புறுத்திப் பிரிக்க வேண்டுமென்றால் நீதிமன்றம் போய், பிள்ளைக்குப் பாரதூரமான தீங்கு என்று காட்ட வேண்டும். தாயிடம் வாடகைக்குக் காசில்லை என்பது அந்தத் தீங்கு ஆகாது. பிள்ளையை அன்போடு வளர்க்கிற தாயை இருக்க இடமில்லை என்பதற்காகப் பிரிப்பதாகச் சொல்வது மிரட்டல். அந்த வசனம் உங்கள் அலுவலகத்தில் புழங்கினால் அதை நிறுத்துகிற ஆளாக நீங்கள் இருங்கள்.

கணவனின் விசாவில் வந்த பெண் அடி தாங்க முடியாமல் வரும்போது, “கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கோ, விசா கிடைக்கட்டும்” என்று சொல்கிற தமிழ்ப் பணியாளர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண் வேறு யாரிடம் போயிருந்தாலும் இந்த அறிவுரை கிடைத்திருக்காது. சட்டம் அவர் அடிவாங்கிக்கொண்டு காத்திருக்கச் சொல்லவில்லை. குடும்ப வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு ஹோம் ஒபிஸ் மூன்று மாத அனுமதி தருகிறது, அதில் பெனிபிட் எடுக்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை, கணவனின் கையொப்பமும் வேண்டாம். பிரித்தானியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவரின் துணையாக வந்த பெண் அந்த மூன்று மாதத்துக்குள் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். கையில் காசில்லாவிட்டால் அந்தக் கட்டணத்துக்கும் விலக்குக் கேட்கலாம். மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ உள்ளவரின் மனைவிக்கும் 2024 பெப்ரவரி முதல் இந்த மூன்று மாதம் உண்டு. ஆனால் அவருக்கு அதன் பின் நிரந்தர வதிவிடப் பாதை இல்லை, கையில் இருந்த விசாவும் போய்விடும். அதனால் படிவத்தை அனுப்புமுன் சட்ட ஆலோசகரிடம் அனுப்புங்கள், அன்றைக்கே, நேரம் குறித்து. அதுவரை தங்க வைப்பது உங்கள் கையில். வீட்டுக்குப் போய் விசாரிப்பதென்றால் மாமியையும் கணவனையும் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் எதுவும் கேட்காதீர்கள். பிள்ளையின் ஊசி அட்டவணையைப் பார்க்க வந்ததாகச் சொல்லித் தனியறைக்குக் கூப்பிடுவது எளிது.

பராமரிப்பு வேலை விசாவில் வந்தவர்களின் நிலை வேறு. கேரளாவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும், காணியை ஈடு வைத்தும் நகையை விற்றும் ஏஜென்டுக்குக் கட்டிவிட்டு வந்து, இங்கே வேலையே தராத ஸ்பொன்சரிடம் (விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளியிடம்) மாட்டியவர்கள் இருக்கிறார்கள். ஸ்பொன்சரின் உரிமம் பறிபோனால், வேறு ஸ்பொன்சர் தேட வழக்கமாக 60 நாள்தான் கிடைக்கும். கடவுச்சீட்டைப் பறித்து வைத்தல், சம்பளத்திலிருந்து ‘கடன்’ பிடித்தல், வாய் திறந்தால் விசாவை வெட்டுவோம் என்று மிரட்டல் ஆகியவை நவீன அடிமைத்தனத்தின் அடையாளங்கள். 2015ஆம் ஆண்டு நவீன அடிமைத்தனச் சட்டத்தின்படி அதை அரசுக்குத் தெரியப்படுத்தும் கடமை கவுன்சிலுக்கு இருக்கிறது. அப்படி அடிமைப்படுத்தப்பட்டவர்களை அடையாளம் காணும் தேசியப் பரிந்துரைப் பொறிமுறைக்கு அனுப்பும் அதிகாரம் உள்ள அமைப்புகளில் கவுன்சிலும் ஒன்று. வளர்ந்தவரென்றால் அவருடைய சம்மதம் வேண்டும், பிள்ளையென்றால் சம்மதம் தேவையில்லை. “விசா ரூலை மீறினவர்” என்று எழுதி முடிப்பதற்கு முன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

நம்மவர் மனதுக்குள் இருப்பதையும் பேசிவிட வேண்டும். “நாங்களும் அகதியாத்தான் வந்தம், கஷ்டப்பட்டு உழைச்சு முன்னேறினம், இவை ஏன் கவுன்சிலுக்கு வருகினம்?” என்று நினைப்பவர்கள் உங்களிடையே இருக்கிறார்கள். அந்தக் கஷ்டத்தை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அன்றைய சட்டம் வேறு. 2002 ஜூலை வரை, அகதிக் கோரிக்கைக்கு ஆறு மாதத்தில் முடிவு வராவிட்டால் வேலை செய்ய அனுமதி கேட்கலாம். எந்த வேலையானாலும் சரி. பெற்றோல் நிலையங்களிலும் கடைகளிலும் நம்மவர் காலூன்றியது அப்படித்தான். இன்று ஓராண்டு காத்திருக்க வேண்டும், அதன் பிறகும் அரசு பட்டியலிட்ட சில தொழில்களுக்குத்தான் அனுமதி. அதுவரை தானே சமைத்துச் சாப்பிடும் ஒருவருக்கு அரசு தந்த உதவித்தொகை 2024இல் வாரம் 49.18 பவுண்ஸ், அதாவது நாளுக்கு ஏழு பவுண்ஸ் சொச்சம். குடும்ப வாழ்வின் அடிப்படையில் விசா பெறுவோருக்கு ‘நோ ரிகோர்ஸ்’ வழமையான நிபந்தனையானதே 2012 ஜூலையில்தான். விசா விண்ணப்பத்தோடு கட்ட வேண்டிய மருத்துவ மேற்கட்டணம் என்ற ஒன்று 2015இல் ஆண்டுக்கு 200 பவுண்ஸாகத் தொடங்கி, 2024 பெப்ரவரியில் வளர்ந்தவருக்கு 1,035, பிள்ளைக்கு 776 ஆகிவிட்டது. இரண்டரை ஆண்டு விசாவுக்கு, தாய் தகப்பன் இரண்டு பிள்ளைகள் என்ற குடும்பம் இந்த மேற்கட்டணத்துக்கு மட்டும் 9,055 பவுண்ஸ் கட்ட வேண்டும். விண்ணப்பக் கட்டணமும் லோயர் காசும் தனி. நிரந்தர வதிவிடத்துக்கான பத்தாண்டுப் பாதையில் இதை நான்கு தரம் கட்ட வேண்டும். இவர்கள் வேலை செய்கிறார்கள். வீட்டு வாடகைக்கு வைத்த காசு இதற்குப் போகிறது. கட்டணத்துக்கு விலக்குக் கேட்கலாம் என்று தெரியாமல் வட்டிக்கு எடுத்துக் கட்டுகிறவர்களே அதிகம்.

“சண்டைதான் முடிஞ்சுதே” என்ற பேச்சும் வேண்டாம். 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. அதற்குப் பின்னரும், 2013இலும் 2021இலும், இலங்கைத் தமிழரில் யாருக்கு இன்னும் ஆபத்து இருக்கிறது என்று குடிவரவு வழக்குகளைக் கேட்கும் மேல் தீர்ப்பாயம் வகுத்துச் சொல்ல வேண்டி வந்தது. ஒருவருடைய வழக்கு அதற்குள் வருமா என்பது நீதிபதி பார்க்க வேண்டியது. இன்னும் ஒன்று: 1999ஆம் ஆண்டுக் குடிவரவு, புகலிடச் சட்டத்தின் 84, 91ஆம் பிரிவுகளின்படி, தகுதி பெறாதவர் குடிவரவு ஆலோசனை வழங்குவது குற்றம். “உங்கட கேஸ் நிக்காது, திரும்பிப் போங்கோ” என்பதும் குடிவரவு ஆலோசனைதான்.

விசா இல்லாதவரைப் பற்றி ஹோம் ஒபிஸுக்கு அறிவிக்கும் கடமை, மேலே சொன்ன 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையின்கீழ், கவுன்சிலுக்கு இருக்கிறது. அதை மறைக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. விபரங்களை எழுதி வாங்குவதற்கு முன் அதைக் குடும்பத்திடம் சொல்லுங்கள். யாருக்கு அது பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கவுன்சிலின் கையிருப்பு எங்களுக்குத் தெரியாததல்ல. இந்தக் குடும்பங்களுக்காகச் செலவிடும் காசை மத்திய அரசு திருப்பித் தருவதில்லை. மேலாளர் ஒவ்வொரு வாரமும் “எப்ப முடியும்?” என்று கேட்பார். அதற்காகவே இரண்டு வழிகளைச் சொல்கிறோம். ஒன்று, குடும்ப வாழ்வு விசாவில் உள்ளவர் ‘நோ ரிகோர்ஸ்’ நிபந்தனையை நீக்கக் கேட்டு இணையத்தில் இலவசமாக விண்ணப்பிக்கலாம். நிர்க்கதியாக இருக்கிறார், நிர்க்கதியாகும் தறுவாயில் இருக்கிறார், குறைந்த வருமானத்தால் பிள்ளையின் நலன் பாதிக்கப்படுகிறது என்பவை அதற்கான காரணங்கள். அதோடு உங்கள் கடிதம் ஒன்று போனால் பலம். ‘குடும்பம் கஷ்டப்படுகிறது’ என்று எழுதாதீர்கள். நான்கு பேர் ஒரே அறையில், வாடகைப் பாக்கி இவ்வளவு, பிள்ளை இத்தனை நாள் மதிய உணவின்றிப் பள்ளிக்கூடம் போனது, நிறை குறைந்ததை ஹெல்த் விசிற்றர் (வீடு வந்து குழந்தைகளைப் பார்க்கும் தாதி) இந்தத் திகதியில் குறித்திருக்கிறார் என்று எழுதுங்கள். இரண்டு, பிள்ளையின் வயதைப் பாருங்கள். இங்கே பிறந்து முதல் பத்து ஆண்டுகளையும் இங்கேயே கழித்த பிள்ளை, அந்த ஆண்டுகளில் எதிலும் 90 நாளுக்கு மேல் வெளிநாட்டில் இருக்கவில்லையென்றால், பெற்றோரின் விசா எதுவானாலும் பிரித்தானியக் குடியுரிமைக்குப் பதிவு செய்ய உரிமையுள்ளது. 2024இல் அதற்கான கட்டணம் 1,200 பவுண்ஸுக்கு மேல் இருந்தது. ஆனால் கட்ட இயலாத குடும்பத்துப் பிள்ளைக்கு 2022 ஜூன் முதல் விலக்கு உண்டு, கவுன்சிலின் பராமரிப்பில் உள்ள பிள்ளைக்குக் கட்டணமே இல்லை. பள்ளிக்கூட வருகைப் பதிவு, தடுப்பூசிப் புத்தகம், ஜி.பி. கடிதம் என்று ஆண்டுக்கு ஒன்றாவது சேர்க்க வேண்டும். அதைச் சேர்க்க உங்களைவிட வசதியானவர் யாருமில்லை.

கொடுக்கிற காசைப் பற்றி ஒன்று. சைல்ட் பெனிபிட் தொகையை அளவுகோலாக வைத்து உதவித்தொகையை நிர்ணயித்த லண்டன் கவுன்சில் ஒன்றின் கொள்கை சட்டத்துக்கு முரணானது என்று 2014இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. தேவையைப் பார்த்துத்தான் தொகை. அடுப்பில்லாத ஹோட்டல் அறையில் வைத்திருக்கிறீர்கள் என்றால், சோறு ஆக்க முடியாது, கடைச் சாப்பாடுதான். வீட்டில் ஒரு நாளைக்குப் போதுமான காசு அங்கே ஒரு வேளைக்குக் காணாது. பள்ளிக்கூடம் இரண்டு பஸ் தூரம் என்றால் தாயின் போக்குவரத்துக் காசையும் சேர்க்க வேண்டும்.

கடைசியாக, வெள்ளிக்கிழமை பின்னேரம். வீட்டுக்காரர் பூட்டை மாற்றிவிட்டார் என்று அழைப்பு வருவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். நாலு மணிக்கு மேலாளரைப் பிடித்து, மதிப்பீடு திங்கட்கிழமை தொடங்கும், அதுவரை மூன்று இரவுக்கு இடம் என்று கேளுங்கள். அவர் மறுத்தால், அந்த மறுப்பை எழுத்தில் வாங்கிக் குடும்பத்தின் கையில் கொடுங்கள்: யார் முடிவெடுத்தார், எந்தப் பிரிவின்கீழ், என்ன காரணம், எந்தத் திகதி, எத்தனை மணி. அரைப் பக்கம் போதும், ஈமெயிலாக இருந்தாலும் போதும். வார இறுதியிலும் வேலை செய்யும் சட்டத்தரணி நீதிமன்றத்தில் அவசர உத்தரவு கேட்பதற்கு முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான். குடும்பத்தை அனுப்புமுன் இரவு நேர அவசரப் பிரிவின் எண்ணையும் அதில் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
லண்டனில் தமிழ்க் குடும்பங்களுக்காக மொழிபெயர்ப்பும் ஆலோசனையும் செய்துவருபவர்கள்